தாங்கியடி ஆக்கள்

நவம்பர் 17, ஞாயிறு

புகார். ரைன் ஆறு கண்ணுக்குத் தெரியேல்லை, சத்தம் மட்டும்.

இது எந்த வருஷம் எண்டு பிறகு ஆரும் கேட்டால்: திம்புவிலை பேச்சு முறிஞ்ச வருஷம். மெக்சிக்கோவிலை நிலம் நடுங்கின வருஷம். போன கிழமை கொலம்பியாவிலை எரிமலைச் சேறு ஒரு ஊரையே மூடினது. இப்ப அமெரிக்க சனாதிபதியும் ரஷ்யத் தலைவரும் சந்திக்க செனீவாவுக்கு வருகினம்.

நாங்கள் ஷாஃப்ஹவுசனிலை. எனக்கு இது ரண்டாவது குளிர். மகன் குடும்பம் வில் எண்ட ஊரிலை. கன்ரோன் அரசாங்கக்காரர் பிரிச்சு என்னை இஞ்சை போட்டினம். ரண்டு பொடியளோடை ஒரு வீடு. தேவன்: கொழும்பிலை கடை வைச்சிருந்தவன், எண்பத்திமூண்டுக் கலவரத்திலை எரிச்சுப் போட்டாங்கள். வீட்டுக்குள்ளை ஒரு சிங்களச் சொல்லு அவன் காதிலை விழக்கூடாது. குகன்: றெஸ்ரோறன்றிலை கோப்பை கழுவுறான். பகிடிக்காரன். சமையல் நான்.

இந்தக் கொப்பி வங்கியிலை சும்மா தந்தது. ரண்டாம் வகுப்போடை நிண்ட எழுத்து. எனக்கு விளங்கினால் காணும்.

ஞாயிறு தபால் இல்லை எண்டு தெரியும். தெரிஞ்சும் பெட்டியைத் திறந்து பாத்தன்.

திருகோணமலையிலை தமிழாக்களின்ர வீடுகள் எரிஞ்சது எண்டு லண்டன் றேடியோ செப்ரெம்பரிலை சொன்னது. அதிலையிருந்து இப்பிடித்தான். அங்கை இருக்கிற என்ர கூட்டாளி வேலாயுதத்துக்குத் தேவன் ரண்டு கடிதம் எழுதித் தந்தவன். ஒண்டு எரிப்புக்கு முதல், ஒண்டு பிறகு. ஒண்டுக்கும் பதில் இல்லை. ஆள் இருக்கோ இல்லையோ.

ரின்மீன் கறி. உப்புக் கூடிப் போச்சு.

நவம்பர் 18, திங்கள்

குளிர் கூட. ஹீற்றர் ஒரு பக்கம்தான் சுடுது.

காலமையே தேவன் தொடங்கீட்டான். "திருகோணமலைத் துறைமுகம் கையிலை வந்தால் அமெரிக்கனுக்கு இந்து சமுத்திரம் முழுக்க. ரஷ்யனுக்கும் அது தெரியும். எங்கடை பிரச்சினை கட்டாயம் கதைப்பினம்."

குகன்: "அவனுக்கு டியேகோ காசியாத் தீவிலை இருக்கிற தளம் காணாதோ?"

"எண்ணெய் எங்கை வைப்பான்? சீனன்குடாவிலை எண்ணெய்த் தாங்கியள் நிக்குது. அப்புவைக் கேள்."

"அப்பு, அமெரிக்கன் வந்தால் உங்களைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடுவானோ?"

"பென்சனோடை" எண்டன்.

புதன்கிழமை செனீவாவிலை தமிழாக்கள் கூடுகினமாம். வாடகை வான் ஒண்டு போகுதாம். தாங்கியிலை வேலை செய்தவர் எண்டு சொன்னால் பேப்பர்காரர் வந்து கதை கேப்பினம், வாங்கோ எண்டான் தேவன். கால் நோ, ஏலாது எண்டன்.

"சுவிஸ் முழுக்க இருந்து ஆக்கள் வருவினம், அப்பு."

"திருகோணமலை ஆக்களோ?"

"அவையும்தான்."

"அப்ப வாறன்."

பின்னேரம் வெங்காயம் உரிக்கேக்கை முழுக்கத் தாங்கி ஞாபகம். காட்டுக்கை வரிசையாய் நிண்டது, மான் வந்து அதின்ரை நிழலிலை படுக்கும். ஒவ்வொண்டிலையும் ஆள் உயரத்துக்கு இலக்கம். எனக்கு இலக்கம் பிடிபட்டது அதிலை பாத்துத்தான். தாங்கி காலியானால் உள்ளை இறங்கித் துப்பரவாக்கோணும். இடுப்பிலை கயிறு. உள்ளை ஒருத்தன், வாசலிலை கயிறு பிடிச்சு ஒருத்தன். எண்ணெய் ஆவி தலைக்கு அடிச்சால் விழுறது தெரியாது. அதாலை வெளியிலை நிக்கிறவன் கதைச்சுக்கொண்டே இருக்கோணும், உள்ளை நிக்கிறவன் மறுமொழி சொல்லிக்கொண்டே இருக்கோணும். மறுமொழி நிண்டால் இழு.

எனக்குக் கயிறு பிடிச்சவன் வேலாயுதம். கதை முடிஞ்சால் பொய் சொல்லுவான். ஒருக்கால், தன்ர மாமிக்குத் தாடி முளைச்சிட்டுது, வெள்ளிக்கிழமையிலை சவரம் செய்ய விடுறாவில்லை எண்டான். நான் உள்ளை நிண்டு சிரிச்ச சிரிப்பு தாங்கியைச் சுத்தி என்னட்டையே திரும்பி வந்தது. அப்பிடி ஒரு சத்தம் பிறகு எங்கையும் கேக்கேல்லை.

நவம்பர் 19, செவ்வாய்

வெயில் எட்டிப் பாத்திட்டுப் போட்டுது.

ரீவி: ஊர்ச்சனம் பழைய சாமானை றோட்டிலை வைக்கிற நாளிலை குகன் தூக்கிக்கொண்டு வந்தது. படம் வரும், சத்தம் வராது. சத்தம் வந்தாலும் டொச்சுப் பாஷைதானே.

கார் வந்து நிண்டது. ரஷ்யர் இறங்கினார். கோட், கழுத்துச் சால்வை, தொப்பி. அமெரிக்கர் படியிறங்கி வந்தார், கோட் இல்லாமல்.

தேவன்: "பாத்தியளோ, பலம் காட்டுறான்."

குகன்: "தடிமன் பிடிக்கும்."

என்னை விட ஐஞ்சு வயசு மூப்பாம் அந்த மனிசன். விறைச்சிருக்கும்.

உலகச் சண்டைக் காலம் ஞாபகம் வந்தது. பெரிய அமெரிக்கக் கப்பல் ஒண்டு, மேலையே விமானம் ஏறி இறங்கும். மாலுமியள் தாங்கியடிக்கும் வந்தவங்கள். எங்கடை இங்கிலீஸ் துரை எங்களோடை கதைக்கேக்கை மரத்தைப் பாத்துக் கதைப்பார். உவங்கள் முகத்தைப் பாத்துக் கதைச்சாங்கள். செம்பட்டை மயிர்க்காரன் ஒருத்தன் ஒரு ரின் தந்தான். உள்ளை சீனிப்பாணியிலை மஞ்சள் பழம், பேர் தெரியாது. ஆளுக்கொரு துண்டு. பாணி ஆருக்கு எண்டு பெரிய சண்டை. வேலாயுதம் பறிச்சுக் குடிச்சிட்டு, "இவங்கள் வெண்டால் எங்களுக்கு நாள்தோறும் இதுதான்" எண்டான்.

வெண்டாங்கள். ரின் பிறகு வரேல்லை.

எண்ணெய்க் கொம்பனியளை எங்கடை அரசாங்கம் எடுத்தபோது அமெரிக்கன் கோவிச்சு உதவியை நிப்பாட்டினவன். அண்டைக்கு வேலாயுதம்: "பழம் தந்தவன் இப்ப முகம் பாக்கிறானில்லையடா."

நாளைக்கு உடுக்க: ரண்டு சுவெற்றர், மகன்ரை கோட், குகன்ரை கம்பளித் தொப்பி. தேத்தண்ணிப் போத்தல் மறக்கக்கூடாது.

நவம்பர் 20, புதன்

செனீவா. வழி முழுக்கப் பொலிஸ். முள்ளுக்கம்பி, ஆமிக்காரப் பொடியள், வாவிக்கு மேலை ஹெலி. தலைவர்மார் எங்கையோ. எங்களுக்கு ஒரு சந்தி ஒதுக்கித் தந்தவை. மூலைக்கு ஒரு நாட்டு ஆக்கள், எல்லாரும் சுலோகப் பலகையோடை.

பக்கத்திலை அப்கானிஸ்தான் ஆக்கள். அதிலை ஒரு கிழவர், தலைப்பாகை. அவரின்ரை பலகை எனக்கு வாசிக்கத் தெரியாது, என்ரை அவருக்குத் தெரியாது. என்ரை எனக்கும் தெரியாது, தேவன் இங்கிலீசிலை எழுதினது. மடியிலை இருந்து முந்திரிகை வத்தல் ஒரு பிடி தந்தார். தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன்.

ஒவ்வொருத்தராய்க் கேட்டுக்கொண்டு போனன். திருகோணமலை ஆக்கள் ஆரும் நிக்கினமோ?

"நான் கரவெட்டி, அப்பு."

"புங்குடுதீவு."

"மட்டக்களப்பு காணாதோ, ஐயா?"

கடைசியிலை கறுப்புக் கோட் போட்ட ஒரு பிள்ளை. "நீங்கள் எவடம், ஐயா?"

"சீனன்குடா. தாங்கியடி."

"நானும்தான்! சந்தியிலை தேத்தண்ணிக்கடைக் கந்தையாவின்ர மகள். இந்த மாசம்தான் வந்தனான்."

வேலாயுதம் எப்பிடி எண்டு கேட்டன். அவள் என்னை வடிவாய்ப் பாத்தாள்.

"நீங்கள்தானோ வேலாயுதமாமாவின்ர சுவிஸ் கூட்டாளி?"

பிறகு சொன்னாள். வீடுகள் எரியேக்கை தங்களை எல்லாம் தாங்கிக் காட்டுக்குள்ளாலை கூட்டிக்கொண்டு வந்தது அவன்தானாம். அந்த வழி வேறை ஒருத்தருக்கும் தெரியாதாம். முல்லைத்தீவு முகாம் வரைக்கும் நடந்தவனாம். காலிலை முள்ளு, புண், பிறகு காய்ச்சல். மருந்து இல்லை. புரட்டாசிக் கடைசியிலை.

"உங்கடை கடிதம் மடியிலை வைச்சிருந்தவர், ஐயா. ஐஸ்பெட்டிக்குள்ளை இருக்கிறன், கதவு திறக்கினமில்லை எண்டு எழுதினீங்களாமே? காணுற ஆக்களை எல்லாம் பிடிச்சு வாசிப்பிப்பார். ஒவ்வொருக்காலும் புதுசாய்க் கேட்ட மாதிரிச் சிரிப்பார். சிரிச்சு இருமுவார்."

முதல் கடிதம் போய்ச் சேந்திருக்கு.

பலகையை ஆரோ என்ர கையிலை இருந்து வாங்கினது ஞாபகம். பேப்பர்காரர் ஒருத்தரும் வரேல்லை. திரும்பேக்கை வானுக்குள்ளை பின்சீற்று. முன்னுக்குத் தேவன் ஆக்கள் அரசியல் கதை. நான் நித்திரை மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தன்.

நவம்பர் 21, வியாழன்

பனி தூறுது.

ரண்டு தலைவர்மாரும் கை குடுத்தினம். சிரிச்சினம். குகன்: "இவ்வளவுதானோ?"

தேவன் லண்டன் றேடியோவுக்குப் பக்கத்திலை ஒட்டிக்கொண்டிருந்து முழுக்கக் கேட்டான். அணுகுண்டு, ஏவுகணை, திரும்ப எப்ப சந்திக்கிறது. திருகோணமலை இல்லை. இலங்கை எண்ட சொல்லே இல்லை. றேடியோவை நிப்பாட்டிப் போட்டு, "அறிக்கையிலை எல்லாத்தையும் போடமாட்டினம்" எண்டான். பிறகு சாப்பிடாமல் படுத்திட்டான். பாவம். உண்மையாய் நம்பியிருந்தவன்.

பருப்பு, கோவா இலை வறை. மச்சம், மீன் ஒண்டும் சமைக்கேல்லை.

"என்ன விரதம், அப்பு?" குகன்.

"சும்மா."

இண்டைக்குத் தபால்பெட்டி திறக்கேல்லை. அந்தப் பக்கம் போகேக்கை கை தன்ர பாட்டிலை நீண்டது.

நவம்பர் 22, வெள்ளி

வெளிச்சம். கூரையிலை இருந்து தண்ணி சொட்டுது.

இண்டைக்கும் மரக்கறி எண்டதும் தேவன் சட்டியை மூடிப் போட்டு என்னைப் பாத்தான். "அப்பு, ஆருக்கு என்ன நடந்தது?"

சொன்னன். அவன் கதிரையை இழுத்து முன்னுக்கு இருந்தான். குகன் பகிடி விடேல்லை. தேத்தண்ணி போட்டான், முதல் முறையாய். சீனி கூட.

தேவன் தாளும் பேனையும் எடுத்துக்கொண்டு வந்தான். "தாங்கியடியிலை உங்களோடை வேலை செய்த ஆக்களுக்கு அறிவிக்க வேண்டாமோ? சொல்லுங்கோ, இப்பவே எழுதித் தாறன். ஆர் ஆர்?"

முகங்களாய் வந்தது. சொல்லிக்கொண்டு போனன்.

சின்னராசா. ஜப்பான்காரன் குண்டு போட்ட காலமை, சாப்பாட்டுப் பெட்டியை எடுக்கத் திரும்பி ஓடினவன். காதர்: ஹஜ்ஜுக்குப் போய் அங்கையே மௌத்து, குடுத்து வைச்ச ஆள். அந்தோனிப்பிள்ளை குடி. முத்துவேல் எழுபத்தேழுக் கலவரத்தோடை ஊரை விட்டுப் போனவன், ஆளே இல்லை. கன வருஷம் பாத்திட்டு மகள் அந்தியேட்டிச் சடங்கு செய்து போட்டாள். வேலாயுதம்.

தேவன் ஒரு சொல்லும் எழுதேல்லை. பேனையை மூடினான்.

"அப்ப ஒருத்தரும் இல்லையோ, அப்பு?"

"ஒருத்தன் இருக்கிறான்."

"சொல்லுங்கோ."

தகடு பொருத்தினவன். எங்கடை புட்டிலை பங்கு கேட்டுச் சண்டை பிடிக்கிறவன். தமிழ் எங்களிட்டைப் பழகினவன், தூஷணம் எங்களை விடத் திறம். வேலாயுதம் பொய்யைத் தொடங்க முதலே சிரிக்கிறவன். கந்தளாயிலை மகளோடை இருக்கிறானாம், கண் மங்கலாம், உயிரோடை.

தேவன் பேனையைத் திரும்பத் திறந்து வைச்சுக்கொண்டு இருந்தான். "பேர் என்ன, அப்பு?"

"பியதாச" எண்டன்.