பெரியதால் சிறியதை வகுத்த நாள்

அன்புள்ள நானா,

நேற்று அலுமாரியைத் துப்புரவாக்கும்போது உங்கள் மடக்கை அட்டவணைப் புத்தகம் அகப்பட்டது. திறந்தால் இன்னும் டீசல் வாசம். படகுக்கும் கந்தோர் மேசைக்கும் அதைக் காவித் திரிந்தவர் நீங்கள். மூன்று மாதத்துக்கு முன் நீங்கள் மௌத்தாகி அடக்கமும் முடிந்த செய்தியைக் கிண்ணியாவிலிருந்து உங்கள் மகள் சொன்னாள். அப்போது எழுத மனம் வரவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். துறைமுகத்தில் எங்கள் அளவைக் கந்தோருக்கு முதல் கம்பியூட்டர் வந்திருந்தது. எல்லோரும் அண்ணனாக நினைத்து நானா என்று கூப்பிட்ட நீங்கள், படகில் போய் ஈயக்குண்டு இறக்கி ஆழம் பார்த்து, கரை அடையாளங்களின் கோணங்களையும் குறித்து வருவீர்கள். படகு நின்ற இடத்தை நான் கணக்கிட வேண்டும். அந்த இயந்திரத்துக்குக் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் மட்டுமே தெரியும். ஓர் எண்ணை இன்னொன்றால் வகுத்துக் கோணம் காணும் சார்பை நானே எழுதினேன். வகுக்கும் எண் பூச்சியமா, மிகச் சிறியதா, இரண்டும் பூச்சியமா என்று ஒவ்வொரு முறையும் வரிசையாகக் கேட்டுவிட்டுத்தான் அது வேலையைத் தொடங்கும். படகின் இடத்தை நெருங்க அதைப் பல நூறு தடவை ஓட்ட வேண்டியிருந்ததால், ஒரு புள்ளிக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் போனது. வெளியே ஒரு கோதுமைக் கப்பல் எங்கள் வரைபடத்துக்காகக் காத்து நின்றது.

"கெதியா முடியுங்கோ" என்றார் எங்கள் மேலதிகாரி இஞ்சினியர். நான் அந்தக் கேள்விகளை எல்லாம் அழித்தேன்.

"அப்பிடி ஒரு கணக்கு வந்தா மிஸ்?" என்று கேட்டீர்கள்.

"ஆயிரத்தில ஒண்டு நானா. வராது."

வந்தது. கையெழுத்துக்குப் போகவிருந்த படத்தில் கடலடிக் கல் ஒன்றைக் காட்டும் குறியின் மேல் நீங்கள் விரலை வைத்தீர்கள். "இது இஞ்ச இல்ல மிஸ். கப்பல் போற பாதையில கிடக்கு. நான் ஈயம் போட்டனான்."

"மெஷின் பிழை விடாது" என்றேன். புத்தகத்தைத் திறந்து அந்த ஒரு புள்ளியைக் கையால் கணக்கிட்டீர்கள். வகுக்கும் எண் கிட்டத்தட்டப் பூச்சியம். இயந்திரமோ தனக்குக் கொள்ளாத விடையைப் பூச்சியமாக்கிவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் மேலே போயிருந்தது.

"கப்பல் கல்லில ஏறியிருக்கும்!" என்று இஞ்சினியர் எல்லோர் முன்னாலும் கத்தினார்.

"கெதியா வேணும் எண்டு கேட்டது நாங்கள்தானே சேர்" என்றீர்கள். பிறகு என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, "வாங்கோ, கணக்கைப் பாப்பம்" என்றீர்கள்.

கேள்விகளைத் திரும்பப் போட்டால் கப்பல் இன்னும் இரண்டு நாள் நிற்க வேண்டும். உங்கள் தாளைப் பார்த்தேன். வகுக்க வேண்டிய இரண்டு எண்களையும் இடம் மாற்றிப் போட்டிருந்தீர்கள்.

"ஏன் நானா மாத்தினீங்கள்?"

"அவ்வளவு பெரிய விடையை அட்டவணையில தேட ஏலாது. பெரியதால சின்னதை வகுத்து, வந்த கோணத்தைத் தொண்ணூறில இருந்து கழிச்சனான்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எப்போதும் பெரியதால் சிறியதை வகுத்தால் விடை ஒன்றைத் தாண்டாது. எது பெரியது, அந்தப் பெரியதும் பூச்சியமா என்ற இரண்டு கேள்விகள் போதும். அன்று பின்னேரமே சார்பைத் திருத்தினேன். எல்லாப் புள்ளிகளையும் மறுபடி ஓட்டினோம். படத்தில் அந்தக் கல் கப்பல் பாதைக்குள் வந்து விழுந்தது. அடுத்த நாள் கப்பல் அதை விலத்தி உள்ளே வந்தது.

பிறகு கொழும்பில் எத்தனையோ இயந்திரங்களோடு வேலை செய்தேன். எனக்குக் கீழும் ஆட்கள் இருந்தார்கள். கணக்குப் பிழைத்து முகம் வெளிறி வந்து நின்ற ஒருவரிடமும் குரலை உயர்த்த எனக்கு வாய் வந்ததில்லை, நானா.