மூன்று பம்புகளும் உங்கள் பெயர்ப்பலகையும்

இல்லை அக்கா, இன்னும் சுவரில் பூட்டவில்லை. என் மடியில்தான் இருக்கிறது. ஹவுன்ஸ்லோவில் எழுத்து வெட்டும் கடையில் இப்போதுதான் எடுத்தேன். பித்தளைப் பலகை. மேலே உங்கள் முழுப்பெயர், கீழே எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பெயர். சங்கத்தின் எழுத்துத்தான் பெரிது. பார்த்தால் சிரிப்பீர்கள்.

அக்டன் டவுனில் ரயில் மாறி உட்கார்ந்திருக்கிறேன். யன்னலால் விழும் வெயிலில் பலகை சூடாகி, கடைக்காரன் பூசிய பாலிஷ் மணக்கிறது. அந்த மணத்தில், பலகை மினுக்கும் உங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கண்ணுக்குள் வருகிறார்கள். அவர்களை நான் கண்டதே இல்லை. நீங்கள் வளர்ந்த சாம்பியாவுக்கும் போனதில்லை, அம்மா பிறந்த யாழ்ப்பாணத்துக்கும் போனதில்லை. நீங்கள் சொன்ன சிவப்பு மண்ணும் அம்மா சொல்லும் சிவப்பு மண்ணும் அரைத்தூக்கத்தில் ஒன்றாகிவிடுகின்றன. சோளத்துக்கு நடுவே பனை நிற்கும். நீங்கள் எட்டு வயதில் வாளியோடு நடந்து போவீர்கள்.

பிள்ளைகளின் கதையைச் சங்கத்து வான் வண்டியில் வைத்துத்தான் சொன்னீர்கள். நான் யூனிப் படிப்பை விட்டுவிட்டு வீட்டில் கிடந்த காலம். சங்கத்தின் தலைவரான என் பெரியப்பா, சாமான் ஏற்ற, வான் ஓட்ட ஆள் தேவை என்று என்னைப் பிடித்துவிட்டார். உங்கள் அப்பா கணக்குப் படிப்பித்த அந்தச் சாம்பியாப் பள்ளிக்கூடத்துக்குப் பழைய கம்ப்யூட்டர்கள் அனுப்புகிறார்களாம். பின்னால் பெட்டிகள், முன்னால் நாங்கள் இருவர்.

"அங்க கரண்ட் கிழமைக்கு எத்தினை நாள் வரும் எண்டு ஆரும் கேட்டவையே?" என்றீர்கள்.

"எனக்கென்ன தெரியும்? நான் ட்ரைவர்."

பிறகு சொன்னீர்கள். பள்ளிக்கூடத்தில் மூன்று தண்ணிப் பம்புகள், மூன்று நாட்டுக்காரர் கொடுத்தவை. மூன்றும் பழுது. மூன்றிலும் பெயர்ப்பலகை. விருந்தாளிகள் வரும் நாளில் நீங்கள் எல்லோரும் வரிசையாக நின்று பலகைகளை மினுக்கிவிட்டு, தண்ணீர் அள்ள ஆற்றுக்கு நடப்பீர்களாம்.

"வாஷர் தேஞ்சா அதைச் செய்ய ஊரில ஆளில்லை. அரசாங்கத்தைக் கேட்டா, தண்ணியை வெளிநாட்டுக்காரர் பாப்பினம் எண்டு சொல்லிப்போட்டு, மந்திரி வாற றோட்டுக்குத் தார் போடுவினம். நாங்கள் குடுக்கக் குடுக்க அவைக்குத் தண்ணி முக்கியமில்லாமப் போகுது."

"அப்ப பிள்ளையள் தண்ணியில்லாமச் சாகட்டோ?"

"நான் அப்பிடிச் சொன்னனானே?"

"அதுதான் அக்கா அர்த்தம்."

ஹரோவில் இறங்கி, கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனீர்கள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

அடுத்த கிழமை நீங்களே கூப்பிட்டீர்கள். சாம்பியாத் தலைநகர் லுசாக்காவுக்குப் பறக்கும் ஒருவரிடம் சின்னப் பார்சல் கொடுக்க வேண்டும், எயார்போட்டுக்கு ஏற்றிப்போ என்று. திறந்து காட்டினீர்கள். தோலில் பம்பு வாஷர் வெட்டும் இரும்பு அச்சு. அந்த ஊரில் சைக்கிள் திருத்தும் ஒருவருக்கு.

"சங்கத்துக்குச் சொல்லிப்போடாதை. எங்களை அனுப்ப வேண்டாம் எண்டவ, தான் மட்டும் அனுப்பிறா எண்டு நாறடிச்சுப் போடுவினம்."

சொல்லமாட்டேன் என்று நான் சிரித்தேன். நீங்களும். வரும் வழியில் என் யூனிக் கதை வந்தது. ஒரு மாமா எனக்கு வேறு யூனி தேடுகிறார், இன்னொருவர் எனக்குப் பாங்கில் வேலை தேடுகிறார் என்று புலம்பினேன்.

"எல்லாரும் உனக்குப் புதுப் பம்ப் பூட்டப் பாக்கினம்," என்றீர்கள். "பழசில என்ன பழுது எண்டு நீயாவது பாத்தியோ?"

கோபம் வந்தது. இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை அக்கா. அதற்குப் பிறகு மூன்று வேலை மாறிவிட்டேன். ஆனால் ஒவ்வொன்றையும் விடும்போது அந்தக் கேள்வி கூடவே வருகிறது.

நீங்கள் கண்ணை மூடி முப்பத்தோராம் நாள், அந்திரட்டிச் சாப்பாட்டில், இலை எடுக்க முதலே பெரியப்பா அறிவித்தார்: அந்தப் பள்ளிக்கூடத்தில் உங்கள் பெயரில் கம்ப்யூட்டர் அறை. எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அதுதான் இன்றைக்கும் என்னை அரிக்கிறது.

போன கிழமை உங்கள் அச்சு போய்ச் சேர்ந்த சைக்கிள்காரர் எனக்குப் படம் அனுப்பினார். இரண்டு பம்புகள் ஓடுகின்றன. மூன்றாவதைக் குழாய் கழற்றித்தான் திருத்த வேண்டுமாம், அது அவரால் ஏலாதாம். அதற்காக ஊர்ச்சனம் கவுன்சில் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். தண்ணி உங்கள் வேலை என்று அதிகாரியிடம் சொன்னார்களாம். ஒரு கிழவர் நிழலில் நித்திரை. பெண்கள் வாளிகளைக் கவிழ்த்துப்போட்டு அவற்றில் உட்கார்ந்து கதைக்கிறார்கள். அவசரமே இல்லாத முகங்கள். இந்த வெயிலில் கண்ணை மூடினால் அந்த நிழலில் நானும் இருக்கிறேன்.

இன்றைக்கு ரெய்னர்ஸ் லேனில் கூட்டம். பலகையைக் காட்டிக் கைதட்டப் போகிறார்கள். நான் எழும்பி, அந்த அறையில் ஒன்று பழுதானால் ஆர் திருத்துவது என்று கேட்கப்போகிறேன். படிப்பை விட்டவன் எங்களுக்குப் படிப்பிக்க வந்திட்டான் என்று பெரியப்பா சொல்லுவார். சொல்லட்டும். பார்சல் கதையையும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் நம்ப மாட்டார்கள். உங்களுக்குக் கொடுத்த வாக்கை உடைக்கிறேன். கோபியாதேங்கோ. பிள்ளைகள் சாகட்டுமா என்று நான் கேட்டதற்கு நீங்கள் வாயால் பதில் சொல்லவில்லை. அச்சைத்தான் அனுப்பினீர்கள். அதை அவர்களும் அறியட்டும்.

சவுத் ஹரோவும் போய்விட்டது. ரெய்னர்ஸ் லேன் வந்துவிட்டது. பெரியப்பா பிளாற்ஃபாமிலேயே நிற்கிறார், பலகைக்குக் கையை நீட்டிக்கொண்டு. நான் இறங்க வேண்டும் அக்கா, போயிட்டு வாறன்.