பதினொரு செயலிகளோடு பாரிஸ் படையெடுப்பு

11 மே 2025, ஞாயிறு. வுப்பர்டால், ஜேர்மனி

இன்று முதல் ஐரோப்பாக் கண்டம் என் காற்சட்டைப் பைக்குள் அடங்கிவிட்டது. மகள் சாரங்கா வந்து என் தொலைபேசியில் பதினொரு செயலிகளை இறக்கிவிட்டுப் போனாள். ரயிலுக்கு ஒன்று, வரைபடத்துக்கு ஒன்று, பிரெஞ்சு பேச ஒன்று, மழைக்கு ஒன்று. கழிவறை எங்கே இருக்கிறது என்று காட்ட மட்டுமே ஒன்று. அறுபத்தைந்து வயதுக்காரனுக்கு மற்றப் பத்தும் இதற்குக் கீழேதான்.

எல்லாம் ஜூன் எட்டாம் திகதிக்காக. பாரிஸில் தங்கை மகாதேவியின் மகள் லவினியாவுக்குக் கல்யாணம். மச்சான் போய் ஆறு வருடம். ஆகவே தகப்பன் இடத்தில் நின்று தாரை வார்த்துக் கொடுக்கப்போவது மாமனாகிய அரியரத்தினம் — சாட்சாத் நான். பக்கத்தில் மனைவி புஷ்பராணி. மகாதேவி கணவனை இழந்தவள், பின்னுக்கு இருப்பாள். அதுதானே வழக்கம்.

சாரங்கா தன் காரில் கூட்டிப்போகிறேன் என்றாள். கடாரம் கொண்ட சோழன் மகளின் காரிலா போனான்?

14 மே

மொழிபெயர்ப்புச் செயலியைச் சோதித்தேன். "மண்டபத்துக்கு எந்தப் பக்கம் போகவேணும்?" என்று கேட்டேன். பிரெஞ்சில் இனிமையாக ஏதோ பாடியது. அந்த நேரம் பார்த்துப் புஷ்பராணி குசினிக்குள்ளிருந்து, "உந்தக் கோதாரியை வைச்சிட்டு வெங்காயத்தை உரியுங்கோ!" என்று கத்தினாள். அதையும் அது அதே இனிமையோடு பாடியது. முப்பத்தெட்டு வருடத் தாம்பத்தியத்தில் அவள் என்னோடு இவ்வளவு கனிவாகப் பேசியதே இல்லை.

25 மே

சாரங்கா இன்னொன்றையும் முடுக்கிவிட்டாள். நான் எங்கே நிற்கிறேன் என்பதை ஒரு நீலப் புள்ளி மகாதேவியின் தொலைபேசியில் காட்டிக்கொண்டே இருக்குமாம். ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்ப வசதி. அரசர்களுக்கு முன்னால் கட்டியக்காரன் போவான். எனக்குப் புள்ளி போகிறது.

7 ஜூன், சனி

நாளை கொலோனிலிருந்து 7.42க்கு ரயில். பதினொன்றுக்குப் பாரிஸ். 12.20க்கு முகூர்த்தம். வீட்டிலிருந்து ஆறரைக்கு வெளிக்கிட்டால் தாராளம்.

புஷ்பராணி தன் தொலைபேசியில் பஞ்சாங்கச் செயலியைத் திறந்தாள்.

"இஞ்சேருங்கோ, ஏழரைக்குத்தான் நல்ல நேரம் தொடங்குது. அதுக்கு முதல் நான் வாசல் தாண்டமாட்டன். தாரை வார்க்கப் போறம், விளையாட்டே?"

நான் கலங்கவில்லை. ரயில் செயலியை ஆராய்ந்தேன். அதே ரயில் வெள்ளிக்கிழமை 48 நிமிடம் பிந்தியது. வியாழன் 55. புதன் 41. முப்பத்தைந்து வருடம் இந்த நாட்டு ரயிலை நம்பி ஏமாந்தவன் நான். நாளை அதன் பிந்தலை நம்பப்போகிறேன். இப்படி ஒரு மூளை ஐரோப்பாவில் வேறு யாருக்கு உண்டு?

8 ஜூன், ஞாயிறு

7.05. மகாதேவி அழைத்தாள். "அண்ணை, வெளிக்கிட்டாச்சோ?"

"ஓம் ஓம், கொலோனுக்குக் கிட்ட வந்திட்டம்!" வாய் நிறையப் பற்பசை.

இதைப் பொய் என்று சொல்லலாமா? குளிக்கப் போகுமுன் 'வந்துகொண்டிருக்கிறன்' என்று சொல்லாத தமிழன் எந்தக் கண்டத்தில் இருக்கிறான்? அவள் போனைக் காதிலிருந்து எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி அண்ணை, கவனமாய் வாங்கோ."

7.30. சுபவேளை. புறப்பட்டோம்.

8.17. கொலோன். ரயில் போய்விட்டது. நேரத்துக்கு! ஒரு நிமிடம்கூடப் பிந்தாமல்! வெட்கம் கெட்ட ரயில். என் குடும்பத்துக்கென்றே காத்திருந்து ஒழுங்காக ஓடியிருக்கிறது.

அடுத்தது 9.43க்கு. பாரிஸ் போய்ச் சேர ஒரு மணி தாண்டும்.

8.40. சாரங்காவுக்கு அழைத்துச் சொன்னேன். "அப்பா, அம்மான்ரை பஞ்சாங்கத்திலை ஊர் எது எண்டு பாருங்கோ." பார்த்தோம். யாழ்ப்பாணம். அங்கே ஏழரை என்றால் இங்கே விடிய நாலு மணி. எங்களுடைய நல்ல நேரம் நாங்கள் குறட்டை விடும்போதே வந்து போய்விட்டது. புஷ்பராணி வாய் திறக்கவில்லை. முப்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவை. ரசிக்கத்தான் முடியவில்லை.

மகாதேவிக்கு எடுத்தேன். எடுக்கிறாளில்லை. திரும்ப எடுத்தேன் — இல்லை. பிள்ளைக்கு ஆர் தாரை வார்க்கிறது? தகப்பனும் இல்லை, மாமனும் இல்லை... என்ன வேலை பாத்துப்போட்டன்! பதினொண்டு கிடக்கு இந்தப் போனிலை, ஒண்டுக்கும் இதுக்கு வழி தெரியாது.

10 ஜூன்

வீடு வந்து சேர்ந்தாயிற்று. நடந்ததை எழுதவேண்டும்.

மண்டபத்துக்குள் நுழையும்போது இரண்டேகால். மூன்றாவது பந்தி. கழுத்தில் தாலியோடு லவினியா ஓடிவந்து, "மாமா, வடை முடிஞ்சுது!" என்றாள். அவளுக்குப் பின்னால் மகாதேவி. மெரூன் நிறக் காஞ்சிபுரச் சேலை. ஆறு வருடமாக வெளிறின நிறங்களுக்குள்ளேயே ஒளிந்திருந்தவள்.

"ஆர் தாரை வார்த்தது?"

"நான்தான்."

"ஐயர் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"முகத்தைச் சுளிச்சார். 'அம்மா நிக்கேக்கை வேறை ஆரைத் தேடுறியள் ஐயா?' எண்டு லவினியா கேட்டாள். பேசாமல் செம்பைத் தந்தார்."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"கொலோனுக்குக் கிட்ட எண்டு சொன்னியளே அண்ணை, புள்ளி உங்கடை வீட்டை விட்டு அசையேல்லை. நீங்கள் வந்து சேரமாட்டியள் எண்டு அப்பவே தெரியும். போனை வைச்சிட்டுப் போய்ச் சீலையை மாத்தினன்."

"உனக்கு ஆசை இருந்தா முதலே என்னட்டைக் கேட்டிருக்கலாமே, பிள்ளை?"

"கேட்டா விட்டிருப்பியளோ?"

பிறகு என் கையில் ஒரு தட்டைத் தந்து, சாப்பிடச் சொன்னாள்.

விட்டிருப்பேனா? மாட்டேன். வழக்கம், சாஸ்திரம், நாலு சனம் என்று ஒன்றரை மணி நேரம் பிரசங்கம் செய்திருப்பேன். மணவறையில் நிற்கும் ஆசை எனக்கு. அதற்கு நான் வைத்திருந்த பெயர்தான் வழக்கம். இதை இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன்.

12 ஜூன்

குடும்ப வாட்ஸப் குழுவில் எனக்குப் புதுப் பட்டம்: 'கொலோனுக்குக் கிட்ட'. அறுபத்துநாலு பேர் சிரித்திருக்கிறார்கள். முதல் ஆள் புஷ்பராணி.

29 ஜூன், ஞாயிறு

டோர்ட்முண்டிலிருந்து எங்கள் ஊர்ச் சிவபாதம் அழைத்தான். "அண்ணை, தமையன்ரை மகளுக்கு ஆவணியிலை கலியாணம். தமையனும் இல்லை, நானும் தனிச்ச ஆள். நீங்களும் அக்காவும் நிண்டு தாரை வார்த்துத் தரவேணும். உங்களை மாதிரிப் பெரிய மனிசர் இஞ்சை வேறை ஆர்?"

பெரிய மனிசர்! போன மாதமென்றால் அந்த ஒரு சொல்லுக்கே பட்டு வேட்டியை மினுக்கக் கொடுத்திருப்பேன்.

"கலியாணத்துக்குக் கட்டாயம் வாறம். பொம்பிளையின்ரை தாய் இருக்கிறாவெல்லோ?"

"ஓம். மச்சாள் உள்ளுக்கு நிக்கிறா."

"அவவைக் கேட்டியளோ?"

புஷ்பராணி குசினி வாசலில் வந்து நின்று என்னையே பார்த்தாள்.

"பொறுங்கோ அண்ணை," என்றான் சிவபாதம். ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"மச்சாள், ஒருக்கா இஞ்சாலை வாங்கோ."