ரத்தம் எடுக்கும்வரை காபி கிடையாது

இன்சூரன்ஸ் ஏஜென்ட் எதிரிலேயே, "நான் போயிட்டா இவ ராணி மாதிரி இருப்பா" என்று கணவர் வெள்ளைச்சாமி சிரித்ததிலிருந்து பிரகதாம்பாள் அவரிடம் பேசவில்லை. மறுநாள் காலையில் குளத்தூர் பஸ்ஸுக்குக் கிளம்பும்போதும் அவரை எழுப்பிப் பேச ரோஷம் விடவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள்:

"இன்சூரன்ஸ் டெஸ்டுக்கு ரத்தம் எடுக்க ஆள் வீட்டுக்கே வர்றாரு. வெறும் வயித்தோட இருங்க. காபித்தூள் டப்பாவத் தேடாதீங்க, என் பையில இருக்கு. எடுத்த பெறகு ஹாட்பாக்ஸ்ல இட்லி இருக்கு, சாப்புடுங்க. சாயந்தரம் டாக்டர் வயித்த அளக்கயில மூச்ச இழுத்துப் பிடிக்காதீங்க, மயங்கி விழுவீங்க. பிரஷர் மாத்திரை போடுறத மறைக்காமச் சொல்லுங்க. பிரீமியம் கூடுனாக் கூடிட்டுப் போவுது."

அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்: "எனக்கு ராணியா இருக்க ஆசையில்ல. ஒங்களோட சண்ட போட்டுக்கிட்டு இப்பிடியே இருந்தாப் போதும்."

பாதி வழியில் போன் அடித்தது.

"பேசமாட்டேன்னு இருந்தவ ஒரு பக்கத்துக்கு எழுதி வச்சிருக்க?"

"ரத்தம் எடுத்தாச்சா?" என்றாள்.

"ஆச்சு. கண்ணு கலங்கியிருக்கே, ஊசி வலிக்குதா சார்னு அந்தாளு கேட்டாரு. ஆமான்னு சொல்லிட்டேன்."