யானைப் பக்கம்

அன்பு மகளுக்கு,

நேற்று ஒட்டுசுட்டான் நூலகத்தில் நான், உன் மாமியார் இரஞ்சிதம், நூலகர் ஜெயரூபி, உன் பிள்ளைகள் மூவரும் இருந்தோம். புதிதாக வந்த புத்தகங்களில் எது எந்தப் பிள்ளைக்குப் பொருந்தும் என்று ஜெயரூபி கேட்டாள். என்னையும்தான் கேட்டாள்.

உன் மாமியார் ரீச்சராக இருந்தவர் அல்லவா, முந்திக்கொண்டார். பெரியவனுக்குக் கோள்களைப் பற்றியது, நடுவிலாளுக்குப் பெரிய எழுத்துக் கதை. சின்னவளுக்கு நான் யானைப் புத்தகம் எடுத்தேன்.

"சம்பந்தி, அது எட்டு வயசுப் பிள்ளையளுக்கு. நீங்கள் படத்தைப் பாத்தெல்லோ எடுக்கிறியள்" என்றார். ஜெயரூபி சிரித்தாள்.

அதையும் பொறுத்தேன். அந்தப் புத்தகம்தான் வேண்டுமென்று சின்னவள் அழுததும் உன் மாமியார் அதே புத்தகத்தை விரித்து, அவளை மடியில் வைத்து வாசித்தார். யானை வயலுக்குள் இறங்கும் பக்கத்தில், நான் வயலில் யானை கலைக்கப் போடும் சத்தத்தை அப்படியே போட்டார். சோறு தீத்தும்போது நான் பிள்ளைக்குப் போட்டுக் காட்டுவதை, குசினிக்குள் இருந்து கேட்டுப் பிடித்திருக்கிறார்.

"அப்பம்மா, இன்னொருக்கா" என்று சின்னவள் கைதட்டினாள்.

நீ வவுனியாவிலிருந்து லீவில் வந்ததும் அந்தப் புத்தகத்தை நீயே வாசி. யானைப் பக்கம் வந்ததும் என்னைக் கூப்பிடு. படிப்பு அவருடையதாகவே இருக்கட்டும், அந்தச் சத்தம் என்னுடையது. ஜெயரூபி சிரித்ததைக்கூட மறந்துவிடுவேன். நான் மன்னிக்க மாட்டாத ஆள் இரஞ்சிதம்.

உன் அம்மா