ஒரே வேகமாம்!

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது, இங்கே நாங்கள் இருவரும் சுகம்தான், அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, எனக்குத்தான் வயிறு எரிகிறது, அது சாப்பாட்டால் வந்த எரிச்சல் இல்லை. நீ வேளைக்குச் சாப்பிடு.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்குக் குறிப்புத்தாள் கொடுத்து அனுப்புவதுதானே என் வேலை, இப்போது டாக்டர் சொன்னதை ஏஐ அவரவர் மொழியில் எழுதிவிடுகிறது. பக்கத்து ஜன்னல் ஆங்கிலம், என்னுடையது தமிழ். அங்கே வந்தவர் வந்த சுருக்கில் போகிறார், என் வரிசை மட்டும் வாசலைத் தாண்டி நிற்கிறது. மேனேஜர் எல்லார் முன்னாலும், ரெண்டும் ஒரே வேகம்தான், நீங்கதான் பேசிப் பேசி இழுக்கறீங்க என்றார். எனக்கு வந்ததே கோபம்! இந்த மெஷின்கள் பேச்சை டோக்கன் என்று துண்டாக்கி, நொடிக்கு எத்தனை துண்டு என்றுதான் வேகத்தை அளப்பார்கள், ஆங்கிலச் சொல் பெரும்பாலும் ஒரே துண்டு, நம் சொல்லைப் பல துண்டாக நறுக்கும் என்று நீ போனில் சொன்னாயே, அதை அப்படியே சொன்னேன். ஒருத்தி வெங்காயத்தை இரண்டாக வெட்டுகிறாள், ஒருத்தி பொடிப்பொடியாக, நொடிக்கு வெட்டும் துண்டுக் கணக்கு சமம் என்றால் கூடை ஒன்றாகவா காலியாகும்? ஒரே குறிப்பை இரண்டிலும் போடச் சொன்னேன். ஆங்கிலம் அச்சாகியே வந்துவிட்டது, தமிழ் பாதியில் ஊர்ந்தது. கண்ணால் பார்த்துவிட்டும் மனுஷன், மெஷின் கம்பெனிக்காரன் சொன்ன வேக நம்பர் சரியாத்தானே இருக்கு என்கிறார்!

அதோடு விட்டாரா, வரிசையைக் குறைக்கிறேன் என்று நேற்றுக் காலை தமிழ்க் குறிப்பை மட்டும் சத்தமில்லாமல் சுருக்கிவிட்டார். போனது எது தெரியுமா, காய்ச்சல் வந்தாலோ தையல் கசிந்தாலோ உடனே திரும்பி வாருங்கள் என்ற வரி. நேற்று மத்தியானம்தான் என் கண்ணில் பட்டது. அப்போது தாளை வாங்கிக்கொண்டு போன ஒரு பெண்ணை வாசல்வரை ஓடிப் பிடித்து வாயால் சொன்னேன், இன்று காலை காய்ச்சலோடு வந்து படுத்திருக்கிறாள், பிழைத்துக்கொள்வாள். இனி ஒவ்வொருத்தரையும் நிறுத்திச் சொல்லப்போகிறேன், வேலையை விட்டுத் தூக்கினால் தூக்கட்டும். அப்பா, உனக்கு ஏன் ஊர் வம்பு என்கிறார். எனக்கு ஆறவே இல்லை.

நீயும் மெஷின் வேகம் அளக்கிற இடத்தில்தான் இருக்கிறாய். துண்டை எண்ணிவிட்டு எழுந்துவிடாதே, தமிழில் ஒரு குறிப்பு முழுசாக முடிய எவ்வளவு நேரம் என்று பார்த்துவிட்டு வேகத்தை எழுது, பெற்றவள் சொல்கிறேன். நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. நேற்று நான் கவனிக்கும் முன்பே வீட்டுக்குப் போனவர்களுக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன், இரண்டு பேர் இன்னும் எடுக்கவில்லை.

உன் அம்மா