ஆறாம் ரூம் கதவைச் சாத்தியவர்

அனுப்புநர்:
சு. செல்லப்பாண்டி (வயது 77),
த/பெ. சுடலைமுத்து,
மேலத் தெரு, ஆனைக்குட்டம்,
விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
விருதுநகர்.

பொருள்: திருத்தங்கல் அய்யாதுரை (வயது 86) என்பவரை ஒரு சண்டைப் படம் கொலைகாரராகக் காட்டியிருப்பது – அதைப் பார்த்தவர்கள் அவரை வீட்டுக்குள் வைத்து வெளியே கொண்டி போடுவது – அவர்மேல் குற்றமில்லை என்று நான் 1985-இல் ரேகை வைத்துக் கொடுத்த இரண்டாவது வாக்குமூலத்தின் நகல் வேண்டுவது – சம்பந்தமாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நம் மாவட்டம் ராமநாதபுரத்தை விட்டுப் பிரிந்த வருஷம் அது. இந்திரா அம்மையாரைச் சுட்டதற்கு அடுத்த வருஷம். எங்கள் ஊரில் அணை வேலைக்கு ஆலங்குளத்திலிருந்து சிமெண்ட் லாரிகள் வந்து போய்க்கொண்டிருந்தன. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகையால் அக்கம்பக்கத்தில் நடந்ததை வைத்துத்தான் வருஷத்தைப் பிடித்து வைத்திருக்கிறேன். புரட்டாசி மாதம் பத்தாம் தேதி, வியாழக்கிழமை, பத்து மணி பஸ் போன பிறகு நடந்தது.

2. அப்போது நான் ஒரு வெடிக் கம்பெனியில் லோடுமேன். கம்பெனி இப்போது இல்லை, முதலாளியும் இல்லை. திருத்தங்கலிலிருந்து அட்டைக் குழாய் லோடு ஏற்றி வந்து கேட்டில் இறக்குவது என் வேலை. கேட்டைத் தாண்டி வெடிமருந்து ரூம் பக்கம் லோடுமேன்கள் போகக் கூடாது. என் மனைவி கருப்பம்மாள் உள்ளே ஆறாம் ரூமில் சக்கரத்துக்கு மருந்து செலுத்துகிறவள். அவளோடு சேர்த்து அந்த ரூமில் நாலு பெண்கள். போர்மேன், மேலே சொன்ன அய்யாதுரை.

3. அன்று ஐந்தாம் ரூமில் புகை வந்தது. கேட்டில் நின்ற என் கண்ணுக்குத் தெரிந்ததை அப்படியே சொல்கிறேன். அய்யாதுரை ஆறாம் ரூமுக்கு ஓடினார். கதவை இழுத்துச் சாத்தினார். வெளியே கொண்டியைப் போட்டார். உள்ளே என் மனைவி இருந்தாள். அவர் கொண்டியைப் போட்டுவிட்டு ரூமுக்குப் பின்னால் ஓடி மறைந்தார். அடுத்த நிமிஷம் ஐந்தாம் ரூம் வெடித்தது. நான் குழாய்க் கட்டின்மேல் விழுந்தேன். எழுந்து பார்த்தபோது ஆறாம் ரூமும் பற்றி எரிந்துகொண்டிருந்தது.

4. மூன்று உடல்களை எடுத்தார்கள். யார் எவர் என்று அடையாளம் தெரியவில்லை. என் மனைவியை எங்கும் காணவில்லை. நான் கேட்டில் நின்று, "அய்யாதுரை கதவைச் சாத்திட்டான், எம் பொண்டாட்டிய உள்ள வச்சுச் சாத்திட்டான்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். இருநூறு பேராவது கேட்டிருப்பார்கள். அன்று சாயங்காலம் வந்த அதிகாரியிடமும் அதையே சொன்னேன். எழுதி, வாசித்துக் காட்டி, ரேகை வாங்கினார்கள். இதுதான் முதல் வாக்குமூலம்.

5. இந்தக் காகிதத்தைத்தான் படக் கம்பெனிக்காரர்கள் தகவல் சட்டத்தில் மனுப்போட்டு வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் கேட்டது அந்த ஒரு தேதிக் காகிதம். கேட்டதைக் கொடுத்திருக்கிறார்கள், அதில் அலுவலகத்தின்மேல் எந்தக் குறையும் இல்லை. அதை வைத்து எடுத்த படம் இந்தப் பொங்கலுக்கு வந்தது. உண்மைச் சம்பவம் என்று முதலிலேயே எழுத்துப் போடுகிறார்களாம். படத்தின் பெயரை இங்கே எழுதச் சொல்லவில்லை. எழுதினால் அதற்கும் நாலு பேர் கிளம்பிப் போவார்கள்.

6. சண்டைப் படங்களுக்கு நான் விரோதி இல்லை என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டு வருகிறேன். ஐம்பது வருஷமாகச் சிவகாசிக் கொட்டகைகளில் தரை டிக்கெட்டிலிருந்து பார்த்து வருகிறேன். மகளைக் கடத்தியவனைத் தேடிப் போகிற தகப்பன், அண்ணனைக் கொன்றவனைத் தேடிப் போகிற தம்பி, ஒற்றை ஆளாய் நாற்பது பேரை அடிக்கிறவன், எல்லாம் எனக்குப் பிடிக்கும். வெளிநாட்டுப் படமானாலும் விடமாட்டேன். பேச்சு புரியாவிட்டாலும் அடி புரியும்.

7. இந்தப் படத்தில் கதாநாயகன் ராணுவத்தில் விசேஷப் பயிற்சி எடுத்தவன். லீவில் வந்த இடத்தில், வெடிக் கம்பெனிப் போர்மேன் அவன் மனைவியை ஒரு ரூமில் வைத்துப் பூட்டி எரித்துவிடுகிறான். கதாநாயகன் ஊர் ஊராகத் தேடுகிறான். எந்த வீடானாலும் கதவை உதைத்துத் திறக்கிறான். கடைசியில் போர்மேனைக் கண்டுபிடித்து, அதே போல ஒரு ரூமில் தள்ளி, வெளியே கொண்டி போட்டுக் கொளுத்துகிறான். கொட்டகையே விசில் அடிக்கிறது. போர்மேன் பெயரை மாற்றவில்லை. அய்யாதுரை என்றே வைத்திருக்கிறார்கள், திருத்தங்கல் என்றும் சொல்கிறார்கள்.

8. இதனால் எனக்குக் கிடைத்தது மரியாதை. டீக்கடையில் துண்டு போர்த்தினார்கள். பையன்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, "தாத்தா, ஒரிஜினல் நீங்கதானாமே, எம்புட்டுப் பேர வெட்டுனீக?" என்று கேட்கிறார்கள். டவுன் பஸ் படியேறவே எனக்கு ஒருவர் கை கொடுக்க வேண்டும். அய்யாதுரைக்குக் கிடைத்தது வேறு. பைக்கில் வருகிறவர்கள் அவர் வீட்டு வெளிக் கொண்டியைப் போட்டுவிட்டு, படத்தில் வருகிற மாதிரி மூன்று தட்டுத் தட்டிவிட்டுப் போகிறார்கள். மூன்று தடவை நடந்துவிட்டது. கடைசித் தடவை காலையில் போட்ட கொண்டியை, அச்சாபீஸ் வேலைக்குப் போன அவர் பேத்தி அனுப்பிரியா மதியம் சோற்றுக்கு வந்துதான் திறந்திருக்கிறாள். அவருக்கு இளைப்பு உண்டு. மருந்து அடுத்த வீட்டுக் குளிர்ப் பெட்டியில் இருந்திருக்கிறது. "ஏன் தாத்தா சத்தம் போடல?" என்றதற்கு, "யாராச்சும் வருவாகல்ல" என்றாராம். அடுத்த தடவை யாரும் வருவதற்குத் தாமதமானால் என்ன ஆகும் என்பதைத் தாங்களே அறிவீர்கள்.

9. இனி நான் சொல்லப் போவதை மனு எழுதித் தருகிற இ-சேவை மையத்துப் பிள்ளை பானுப்பிரியா, "வேண்டாம் தாத்தா, போலீஸ் கேஸ் ஆயிரும்" என்று தடுத்தது. எழுதச் சொன்னேன்.

10. அந்த வெள்ளிக்கிழமை காலையில் நான் அய்யாதுரையை வெட்டப் போனேன்.

11. திருத்தங்கல் பஸ் ஸ்டாப்பில் விசாரித்தேன். முதல் நாள் அவர் ஒரு சிமெண்ட் லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனதைப் பார்த்த ஒருவர், "ஆலங்குளத்துல அவுக அக்கா வீடு இருக்கு, அங்கனதான் போயிருப்பாக" என்றார். தப்பி ஓடிவிட்டான் என்று நினைத்தேன். அரிவாளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் சாக்குக்கு லக்கேஜ் கேட்டார். வழி முழுக்க அழவில்லை. எந்தத் தோளில் வெட்டுவது என்றே நினைத்துக்கொண்டு போனேன். ஆலங்குளத்தில் இறங்கும்போது உச்சி வெயில். வீட்டு வாசல், வேப்பங்கொம்பு, கட்டிப்போட்ட ஆடு எல்லாவற்றின்மேலும் ஆலைப் புழுதி படிந்து கிடந்தது. அந்த வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

12. சாக்கைப் பிரித்து அரிவாளைக் கையில் எடுத்துக்கொண்டேன். ஆனால் ஐயா, நான் கதவைத் தட்டினேன். ஒருவருடைய அக்காளைக் கட்டிக்கொடுத்த வீடு. உள்ளே பெண்கள் இருப்பார்கள். தட்டாமல் எப்படிப் போவது? வெட்ட வந்தவனுக்கு அந்த யோசனை எதற்கு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கை தானாகத் தட்டியது.

13. கதவைத் திறந்தது என் மனைவி கருப்பம்மாள். காலில் மருந்துத் துணி கட்டியிருந்தது. கையில் தண்ணிச் சொம்பு. என்னைப் பார்த்து, "எங்கன போனீக? ஒங்களத் தேடி விடியவே ஆள் விட்டிருக்கேன். சாப்பிட்டீகளா?" என்றாள். வெடிச் சத்தத்தில் காது அடைத்திருந்ததால் ரொம்பச் சத்தமாகக் கேட்டாள். பிறகுதான் அரிவாளைப் பார்த்தாள். உள்ளே அய்யாதுரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு உள்ளங்கையும் வெந்து, வாழையிலைமேல் வைத்திருந்தார். அவர் சொன்னதை ஒரு சொல் மாறாமல் சொல்கிறேன்: "ஏலே செல்லப்பாண்டி, அத வெளிய வச்சிட்டு உள்ள வா. பொம்பளயாளுக பயப்படுதுல்ல."

14. நடந்தது இதுதான். மருந்து ரூமுக்கு இரண்டு பக்கமும் கதவு. பக்கத்து ரூம் பற்றினால், தீ இருக்கிற பக்கத்துக் கதவை முதலில் சாத்திக் கொண்டி போட வேண்டும். இல்லாவிட்டால் வெடிக் காற்றில் கதவு திறந்து, பொறி உள்ளே விழும். உள்ளே இருப்பவர்களை மறுபக்கத்துக் கதவு வழியாக விரட்ட வேண்டும். கம்பெனி வேலைக்காரர்கள் எல்லாருக்கும் இது தெரியும். ரூம் பக்கமே போகாத லோடுமேனுக்குத் தெரியாது. அய்யாதுரை மேற்குக் கதவைச் சாத்தி, சுற்றி ஓடி, கிழக்குக் கதவு வழியாக நாலு பேரையும் கையைப் பிடித்து வெளியே இழுத்து விட்டிருக்கிறார். வெடித்தபோது பின்னால் நின்ற இருவரை இழுக்க, எரிகிற கதவைத் தள்ளியதில்தான் அவர் கை வெந்தது. எடுத்த மூன்று உடலும் ஐந்தாம் ரூம்காரர்களுடையவை. இரண்டு பேர் காட்டு வழியே தங்கள் ஊருக்கு ஓடிவிட்டார்கள். காலில் தீக்காயம் பட்ட கருப்பம்மாளையும் கற்பகவல்லியையும் அவர் ரோட்டுக்குக் கூட்டி வந்து, அணைக்குச் சிமெண்ட் இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியை நிறுத்தியிருக்கிறார். பெண்கள் பின்னால் ஏறினார்கள், அவர் முன்னால். அக்கா வீட்டுப் பக்கத்தில் நர்ஸம்மா இருந்ததால் அங்கே கொண்டுபோயிருக்கிறார். கேட்டிலிருந்து எனக்குத் தெரிந்தது மேற்குக் கதவு ஒன்றுதான். பஸ் ஸ்டாப்காரருக்குத் தெரிந்தது லாரியின் முன்பக்கம் ஒன்றுதான்.

15. மறுநாள் சனிக்கிழமை கருப்பம்மாளையும் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீஸ் போனேன். கனகசபாபதி என்ற குமாஸ்தா இருந்தார். முன்னால் சொன்னது தப்பு, போர்மேன் செய்தது சரி என்று சொல்லி இரண்டாவது ரேகை வைத்தேன். அரிவாள் சங்கதியை மட்டும் சொல்லவில்லை. விசாரணையில் அய்யாதுரைமேல் குற்றமில்லை என்று முடிந்தது. ஆனால் ஊரில் முடியவில்லை. தப்பை இருநூறு பேர் கேட்கக் கத்தினேன். திருத்தத்தை ஒரு குமாஸ்தா காதில் சொன்னேன். அந்த இருநூறு பேரில் யாரோ ஒருவருடைய மகனோ பேரனோதான் படக்காரர்களுக்குக் கதை சொல்லியிருக்க வேண்டும்.

16. அய்யாதுரை எட்டாம் வகுப்புப் படித்தவர். கணக்கு எழுதியவர். இந்த மனுவை அவரே எழுதியிருக்கலாம். எழுதமாட்டார். எழுதினால் நான் அரிவாளோடு வந்ததையும் சொல்ல வேண்டிவரும். நாற்பது வருஷமாக அவரும் அவர் அக்காளும் அதை வாய் திறக்கவில்லை. ஆகையால்தான் எழுதத் தெரியாத நான் எழுதுகிறேன்.

17. அந்தப் படத்தை நானும் போய்ப் பார்த்தேன். கதாநாயகன் கதவை உதைத்தபோது என் வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திரையில் அய்யாதுரை எரிந்தார். வெளியே வந்து பஸ் பிடித்துத் திருத்தங்கலில் இறங்கி நேரே அவர் வீட்டுக்குப் போனேன். முறுக்கு தின்றுகொண்டிருந்தார். "எப்படி, படத்துல நல்லாச் செத்தேனா?" என்று கேட்டார். பல்லில்லாத வாயால் இருவரும் சிரித்தோம். நாற்பது வருஷமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த லோடு அன்றுதான் இறங்கினாற்போல இருந்தது. நல்ல வேளை ஐயா, நான் பயிற்சி எடுத்தவன் இல்லை. எடுத்திருந்தால் உதைத்திருப்பேன். கதவுக்கு அந்தப் பக்கம் நின்றவள் கருப்பம்மாள்.

18. படக் கம்பெனியிலிருந்து ஜெயச்சந்திரன் என்ற உதவி டைரக்டர் வந்து எல்லாவற்றையும் கேட்டுப் போனார். நல்ல பையன். இரண்டாவது வாக்குமூலத்தின் நகல் கிடைத்தால், செல்போனிலும் டிவியிலும் வரும்போது பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டு, முன்னால் ஒரு விளக்க அட்டையும் போடுவதாகத் தம் முதலாளியிடம் பேசி எழுத்தில் கொடுத்திருக்கிறார். அந்தக் கடிதம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. ஆகவே எனக்குப் பாதி நிம்மதி வந்துவிட்டது. மீதிப் பாதி தங்கள் பதிவறையில் இருக்கிறது.

19. ஆகையால் ஐயா அவர்கள் கருணை கூர்ந்து, 1985 புரட்டாசி வெடி விபத்து விசாரணைக் கட்டில், முதல் வாக்குமூலத்துக்கு இரண்டு நாள் தள்ளி, அதே பெருவிரல் ரேகையோடு இருக்கும் காகிதத்தைத் தேடி எடுத்து நகல் தர உத்தரவிட வேண்டுகிறேன். திருத்தங்கல் காவல் நிலையத்தார் அந்தத் தெருவில் ஒரு தடவை வந்து பையன்களிடம் சொல்லிவிட்டுப் போனாலும் போதும். யாரையும் பிடித்து அடைக்க வேண்டாம், அவர்களும் என்னைப் போல ஒரு பக்கம் பார்த்தவர்கள்தான். படத்தைத் தடை செய்யவும் வேண்டாம், சண்டை நன்றாக இருக்கிறது. நான் அரிவாளோடு போனதற்கு என்ன நடவடிக்கை உண்டோ அதற்குக் கட்டுப்படுகிறேன்.

இடம்: விருதுநகர்
நாள்: 09.02.2026, திங்கட்கிழமை

இப்படிக்கு,
செல்லப்பாண்டி
(இடது கைப் பெருவிரல் ரேகை)

மனுதாரர் சொல்லச் சொல்ல எழுதி, வாசித்துக் காட்டியவர்: பானுப்பிரியா

விசாரிக்க வேண்டிய சாட்சிகள்: ஆறாம் ரூமில் இருந்த நாலு பேரில் முத்துமாரியம்மாள், அழகுமீனா இருவரும் காலமாகி வெகு நாளாயிற்று. கற்பகவல்லி கொரோனா வருஷம் தவறினாள். என் மனைவி கருப்பம்மாள் பதினோரு வருஷத்துக்கு முன், கார்த்திகையில், சொந்த வீட்டில், என் கையால் கஞ்சி குடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். குமாஸ்தா கனகசபாபதியும் இல்லை. அய்யாதுரையின் அக்காளும் இல்லை. என்னைத் தவிர உயிரோடு இருப்பவர் ஒருவர்தான். விசாரணைக்கு வருகிறவரைக் கதவைத் தட்டிவிட்டுக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். எழுந்து வர நேரமாகும், ஆனால் அவரே வந்து திறப்பார். பெயர் அய்யாதுரை.